மூலை உடைந்த அப்பம்

கௌனாஸ்
14 செப்டம்பர் 1997

அன்புள்ள தெக்லே அக்காவுக்கு,

இங்கு நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? கோடையில் வந்தபோது நான் அடித்துவிட்டுப் போன வேலி காற்றுக்குத் தாங்குகிறதா?

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் துறைக்கு என்னைத் தலைவராகப் போடுவதாகச் சொல்கிறார்கள். முப்பத்தெட்டு வயதில் இங்கே யாருக்கும் அந்த நாற்காலி கிடைத்ததில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜனவரியில் என்னுடையது. கேட்ட அன்றைக்கு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன், அக்கா. எனக்குப் பயமே அந்தச் சந்தோஷம்தான்.

போன மாதம் ஒரு பஸ் டிரைவரைப் பிழைக்க வைத்தேன். அவர் மனைவி வராந்தாவில் எல்லார் முன்னாலும் என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள். "கடவுளுக்கு நன்றி சொல்லுங்க" என்று சொல்லியிருக்க வேண்டியவன், சும்மா நின்றேன். அப்புறம் குழாயடியில் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோப்புப் போடக்கூட மனம் வரவில்லை. நான் என்ன ஆகிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகஸ்டில் தியானத்துக்குப் போனேன் என்று எழுதினேன் அல்லவா? தாழ்மைக்காகத்தான் அங்கே ஜெபித்தேன். வில்னியுஸில் சில மடத்துச் சகோதரிகள் சாகக் கிடக்கிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நோயாளிகளைத் தூக்க, குளிப்பாட்ட, பெட்பேன் எடுக்க ஓர் ஆண் உதவியாளர் வேண்டுமாம். நாற்காலியை வேண்டாமென்று சொல்லிவிட்டு அந்த வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். கத்தியையே தொடாமல் இருந்தால் இந்தக் கர்வம் செத்துப்போகுமோ என்று ஒரு நம்பிக்கை.

என்னை நன்றாகத் தெரிந்தவள் நீ. உள்ளதைச் சொல்.

உன் தம்பி
யூலியுஸ்


வார்னுப்பே
28 செப்டம்பர் 1997

தம்பி யூலியுஸ்,

வேலி தாங்குகிறது. நீ அடித்ததில் மூன்று ஆணி வளைந்திருந்தது. அப்பா பிடுங்கி நிமிர்த்தி அடித்தார். "பெரிய டாக்டர், வயித்தைத் தைப்பான், பலகையைத் தைக்கத் தெரியாது" என்று ஒரே சிரிப்பு.

உன் கடிதத்தைத் தபால் ஆபீஸில் என் வேலை மேசையிலேயே பிரித்துப் படித்தேன். முதல் பக்கத்துக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. இரண்டாம் பக்கத்துக்கு உன் காதைத் திருக வேண்டும் போல இருந்தது. பதினைந்து வருஷம் படித்துப் பழகிய கையைப் பெட்பேன் எடுக்க அனுப்புவதுதான் தாழ்மையா? கர்வம் கையில் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவு. கையையே வெட்டிப் போடுகிறேன் என்கிறாய்.

உள்ளதைச் சொல்லச் சொன்னாய். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை நீ எழுதவே இல்லை. நம்மூர் மருத்துவமனையில் வசந்தத்திலிருந்து அறுவை சிகிச்சை டாக்டர் இல்லை. இருந்தவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். அறை பூட்டிக் கிடக்கிறது. டாக்டர் யத்விகா அம்மா தபால்தலை வாங்க வந்தவர், வரிசையில் எல்லார் காதும் கேட்க என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தெக்லே, உங்க தம்பியை இங்க அனுப்புங்களேன். கத்தி இருக்கு, மேசை இருக்கு, விளக்குகூட புதுசா மாட்டியாச்சு. கைதான் இல்லை."

"அவன் பெரிய ஊர்க்காரன் ஆயிட்டான் டாக்டரம்மா."

"ஆனா என்ன? பெரிய ஊர்லயும் வயிறு ஒண்ணுதான் இருக்கும்."

இங்கே வந்தால் நாற்காலியும் கிடையாது, புகழும் கிடையாது. தாழ்மைக்கு இது போதாதா?

அப்பாவுக்கும் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அடிவயிற்றில் குடலிறக்கம். எத்தனை நாளாக என்று தெரியாது, எனக்குத் தெரிந்து மே மாதத்திலிருந்து. பெல்ட் மாதிரி ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோயில் மணிக்கயிற்றை இழுக்கிறார். எழுபத்தாறு வயதில் இன்னும் அவர்தான் கோயில்பிள்ளை. மணியடிக்க, மெழுகுவர்த்தி ஏற்ற, சாமியாரின் உடுப்பை மடித்து வைக்க எல்லாம் அவரே. டாக்டரிடம் போகலாம் என்றால், "நம்ம வீட்ல டாக்டர் இருக்கும்போது ஊரான்கிட்ட வயித்தைக் காட்டறதா?" என்கிறார்.

வந்து பார்த்துவிட்டாவது போ.

தெக்லே


வில்னியுஸ்
20 அக்டோபர் 1997

அன்புள்ள அக்கா,

முகவரியைப் பார். வேலையை விட்டுவிட்டேன். இந்த மாதம் ஆறாம் தேதியிலிருந்து சகோதரிகளிடம் இருக்கிறேன். துறைத் தலைவர் நாற்காலி இன்னொருவருக்குப் போயிற்று. அவரிடம் கை குலுக்கிவிட்டு வெளியே வந்தபோது தோளிலிருந்து மூட்டை இறங்கினாற்போல இருந்தது.

இங்கே என்னை யாருக்கும் தெரியாது. "தம்பி, இந்தத் தலையணையைத் தூக்கு", "தம்பி, தரையைத் துடை", அவ்வளவுதான். முதல் வாரம் முதுகு ஒடிந்தது. ஆனால் இருபது வருடத்தில் முதல்முறையாக மன அமைதியோடு ஜெபித்தேன்.

நம்மூருக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். உனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருடம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

1979, சோவியத் காலம். நான் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். என் அப்பா கோயில்பிள்ளை என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டான். கல்லூரிக் கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை என்று விலக்கிவிடுவார்கள் என்று பயம். "எங்க அப்பா படிக்காதவர். மணியடிச்சுப் பிழைக்கிறவர். அவரோட மூடநம்பிக்கைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று சொன்னேன். கை தட்டினார்கள். கல்லூரிப் பத்திரிகையில் அதை என் பெயரோடு போட்டார்கள். எந்தப் புண்ணியவானோ அதைக் கத்தரித்து அப்பாவுக்கு அனுப்பிவைத்தான்.

அந்த மணிக்கயிற்றை இழுத்துச் சேர்த்த காசில்தான் நான் படித்தேன். அப்பா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கோடையில் வருகிறேன், வேலி அடிக்கிறேன், விறகு பிளக்கிறேன். ஆனால் கூச்சியோஸ் விருந்துக்கு மட்டும் பதினெட்டு வருடமாக வந்ததில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின மாலை அந்த மேசையில் உட்கார்ந்தால் கோயிலில் தரும் மெல்லிய அப்பத்தை உடைத்துக் கொடுத்து, கண்ணைப் பார்த்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். "டியூட்டி" என்று எழுதியதெல்லாம் பொய். நானே கேட்டு வாங்கின டியூட்டி.

அந்த ஊரில் டாக்டர் என்று மரியாதை வாங்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? முதலில் இங்கே கொஞ்சம் மனிதனாகிறேன். பிறகு வந்து அப்பா காலில் விழுகிறேன்.

குடலிறக்கத்தைத் தள்ளிப்போடக் கூடாது. டெல்ஷே மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. அங்கே என்னோடு படித்தவன் இருக்கிறான், சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

யூலியுஸ்


வார்னுப்பே
2 நவம்பர் 1997
கல்லறைத் திருநாள்

யூலியுஸ்,

அம்மா கல்லறையில் நான்கு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்தோம். உன் பெயருக்கும் ஒன்று. காற்றில் அதுதான் மூன்று தடவை அணைந்தது. அப்பா மூன்று தடவையும் குனிந்து ஏற்றினார். மூன்றாவது தடவை நிமிர முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உன் சீட்டைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு."

"டெல்ஷே போலாமாப்பா?"

"எதுக்கு? இவன் எப்ப வர்றானாம்?"

"அவன் இப்ப டாக்டர் வேலை பாக்கலைப்பா. வில்னியுஸ்ல கன்னியாஸ்திரீங்ககிட்ட இருக்கான். கிழவங்களைக் குளிப்பாட்டறான்."

சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்புறம் கேட்டார்: "அவங்களுக்கெல்லாம் பிள்ளைங்க இல்லையா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, தம்பி. பாவம் யாருமில்லாதவர்கள் போல என்று நினைத்துத்தான் கேட்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. உனக்குத் தெரியாத கிழவர்களின் காலைக் கழுவ ஓடுகிறாய். அது உனக்குச் சுலபம். அவர்களிடம் நீ எதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் கையில் 1979ஆம் வருஷத்துப் பத்திரிகைத் துண்டு இல்லை.

மனிதனாகிவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். யாருக்காக அந்த அலங்காரம்? அப்பா கேட்டாரா? பக்கத்து வீட்டு புரோனே சொன்னாள்: "உங்க தம்பி புனிதராகப் போறானாமே, கோயில்ல சுரூபம் வைக்க இடம் பாத்தாச்சா?" நான் அவளைத் திட்டி அனுப்பினேன். திட்டிவிட்டு உள்ளே வந்து யோசித்தால், அவள் சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம். எழுதப் போவதில்லை.

தெக்லே


வில்னியுஸ்
23 நவம்பர் 1997

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். நீ எழுதியதில் பாதி நியாயம். மீதிப் பாதியைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன்.

இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் இருந்தவர். என்னைத் தன் மகன் என்று நினைத்துக்கொண்டு ராபோலாஸ், ராபோலாஸ் என்று கூப்பிடுவார். முதலில் திருத்தினேன். இப்போது "என்னப்பா?" என்கிறேன். நேற்று நகம் வெட்டிவிடும்போது என் தலையில் கை வைத்து, "வந்துட்டியே, அது போதும்டா" என்றார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கடவுள் அவர் வழியாக என்னோடு பேசுகிறார் என்று நினைத்தேன். நீ இதற்கும் ஏதாவது சொல்வாய்.

இவர்களை இந்த மாதம் விட்டு வர முடியாது, ஆள் இல்லை. ஆனால் இந்த வருடம் கூச்சியோஸ் விருந்துக்கு வருகிறேன். சத்தியம். மேசையில் உட்கார்ந்து, அப்பத்தை உடைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அப்பாவிடம் சொல்: இருபத்துநாலாம் தேதி வருகிறேன், வயிற்றையும் நானே பார்க்கிறேன். ஒரு மாதம்தானே. அதுவரை கயிறு இழுக்க வேண்டாம் என்று சொல்.

யூலியுஸ்


வார்னுப்பே
15 டிசம்பர் 1997

யூலியுஸ்,

அப்பாவின் பெட்டியைத் தோளில் சுமந்தாய், குழியில் மண் போட்டாய், சாப்பாட்டு மேசையில்கூட உட்காராமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். வீட்டில் முப்பது பேர் உட்கார்ந்து, "மகன் எங்கே?" என்று கேட்டார்கள். நான் பீட்ரூட் பரிமாறிக்கொண்டே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று முப்பது தடவை சொன்னேன்.

நின்றிருந்தால் வாயால் சொல்லியிருப்பேன். இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமையே வலி வந்திருக்கிறது. இரண்டு நாள் மறைத்திருக்கிறார். சூப் வேண்டாம் என்றார், வாயு என்றார். ஒன்பதாம் தேதி காலைப் பூசைக்குப் போனவர் இரண்டாம் மணி அடித்து முடித்ததும் கயிற்றடியில் உட்கார்ந்துவிட்டார். சாமியார் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். முகம் சாம்பலாக இருந்தது. துணியை அவிழ்த்தேன். முஷ்டி அளவுக்குக் கல்லாகப் புடைத்திருந்தது.

"ஏம்பா சொல்லலை? ரெண்டு நாளா ஏம்பா சொல்லலை?"

"யூலியுஸ் வர்றேன்னு எழுதியிருக்கானே. அவனே பாத்துப்பான்னு இருந்தேன். இன்னும் பதினஞ்சு நாள்தானே."

கோயிலிலிருந்து நம்மூர் மருத்துவமனை முந்நூறு அடி. அங்கேதான் தூக்கிப் போனோம். டாக்டர் யத்விகா அம்மா தொட்டுப் பார்த்தவுடன் திரும்பிக்கொண்டார். பூட்டிக் கிடந்த அந்த அறை வாசலில் அப்பாவைப் படுக்க வைத்திருந்தோம், தம்பி. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும். அந்தம்மா குழந்தை டாக்டர். "ஒரு மணி நேர வேலை இது, தெரிஞ்ச கைக்கு ஒரு மணி நேர வேலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். டெல்ஷே சாலையில் பனி. பாதி வழியில் ஆம்புலன்ஸை நிறுத்தி மண்வாரியால் தள்ளினார்கள். அப்பா என்னிடம், "மூணாவது மணி யாரும்மா அடிச்சா?" என்று கேட்டார். சாமியாரே அடித்தார் என்றேன். "அவருக்குக் கயிறு பிடிக்கத் தெரியாதே" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை.

உன்னைக் குத்திக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். வேறு எதற்காக என்று பொய் சொல்ல மாட்டேன்.

தெக்லே


வில்னியுஸ்
18 டிசம்பர் 1997

அக்கா,

குத்திக் காட்டு. அது உன் உரிமை.

அன்று ஓடிவந்ததற்குக் காரணம் பஸ் இல்லை. கல்லறையில் ஒரு கிழவி என் கையைப் பிடித்து, "டாக்டர் தம்பி, உங்க அப்பா உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லை" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு டிசம்பரிலும் கம்பளிக் காலுறைக்குள் வைத்து நீ அனுப்பினாயே, அப்பா மூலை உடைத்துக் கொடுத்த அப்பம், பதினெட்டும் என்னிடம் இருக்கிறது. ஒன்றைக்கூட நான் தின்னவில்லை. முதல் வருடம் விடுதியில் யாராவது பார்ப்பார்கள் என்ற பயத்தில் ஒளித்து வைத்தேன். அடுத்த வருடங்களில் வெட்கம். கடந்த நாலைந்து வருடமாக, தகுதி வரட்டும் என்று தள்ளி வைத்தேன். அதற்குத் தாழ்மை என்று பெயரும் வைத்துக்கொண்டேன். காகிதம் போன்ற மெல்லிய அப்பம், பாதி பொடியாகிவிட்டது. ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

தன் பங்கைத் தின்றுவிட்டு மீதியை அனுப்புகிறவர் ஏற்கெனவே மன்னித்துவிட்டார் என்பது நம்மூரில் பால்குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நான் கேட்டு அவர் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறேன். சும்மா கிடைத்ததை வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. என் கர்வம் அந்தக் குழாயடியில் இருந்ததாக நினைத்தேன். இந்த டப்பாவுக்குள் இருந்திருக்கிறது.

இனிமேல் கத்தியைத் தொட எனக்கு அருகதை இல்லை. ஆயுள் முழுக்க இங்கேயே தரை துடைத்துக்கொண்டு கிடக்கிறேன். கூச்சியோஸ் விருந்துக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

யூலியுஸ்


வார்னுப்பே
20 டிசம்பர் 1997

தம்பி,

இதோடு காலுறை இருக்கிறது. உள்ளே கையை விட்டுப் பார். மெதுவாக.

நவம்பர் முப்பதாம் தேதி, திருவருகைக்கால முதல் ஞாயிறு, அப்பா கோயிலிலிருந்து அப்பங்களை வாங்கி வந்தார். வழக்கமாக இருபதாம் தேதிக்கு மேல்தான் உடைப்பார். அன்றைக்கே ஒன்றை எடுத்து மூலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா அவசரம்? அவன்தான் வரேன்னு எழுதியிருக்கானே."

"வருவான். வந்து ஏதோ சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கான், பாவம். வருஷக்கணக்கா நெனச்சுக்கிட்டிருக்கான். நீ இதை அனுப்பிடு. ஒண்ணும் சொல்ல வேணாம், தின்னாப் போதும்னு ஒரு வரி எழுதிப் போடு. அப்புறம் அவன் சும்மா வந்து உக்காந்து சாப்பிடலாம்ல."

பதினேழு வருஷமாக இந்த ஊர்த் தபால் என் கையில் ஓடுகிறது. யாருடைய கடிதத்தையும் ஒரு நாள் தாமதித்ததில்லை. இதை மட்டும் நான் அனுப்பவில்லை. உன் ரயில்வேக் கிழவர் கடிதம் அந்த வாரம்தான் வந்திருந்தது. யாரோ ஒருவர் நகத்தை வெட்டிவிட்டு நீ அழுதாயாம். இருக்கட்டும், வரட்டும், வந்து முழங்காலில் நின்று கேட்கட்டும், இவ்வளவு சுலபமாக இவனுக்கு ஏன் கிடைக்க வேண்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அப்பாவிடம் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். ஒவ்வொரு ஜனவரியிலும் "தின்னானா?" என்று கேட்பார், நீ எழுதாததையும் நானே சேர்த்து "தின்னுட்டானாம்பா" என்பேன். அதே வாயால் இதையும் சொன்னேன்.

திங்கட்கிழமை போட்டிருந்தால் வியாழக்கிழமை உனக்குக் கிடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை நீ பஸ் ஏறியிருப்பாயோ என்னவோ. தெரியாது. ஆனால் தினமும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். உன்னைக் குத்திக் காட்டி எழுதியபோதும் இது அலமாரியில்தான் இருந்தது.

நீ தரை துடைத்துச் சாக வேண்டாம். அதிலும் உனக்கு ஒரு சுகம் இருக்கும், உன்னை எனக்குத் தெரியும். இங்கே வா. இங்கே யாரும் உன்னைப் புனிதன் என்று சொல்ல மாட்டார்கள். அப்பா சாகும்போது வராத டாக்டர் என்றுதான் சொல்வார்கள். புரோனே உன் முகத்துக்கு நேராகவே சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டே அவள் புருஷன் வயிற்றைத் திறந்து தை. அவனுக்கும் குடலிறக்கம்தான், துணி கட்டிக்கொண்டு அலைகிறான். அறைச் சாவி யத்விகா அம்மா பையில் இருக்கிறது. நான் கேட்டுவிட்டேன்.

புதன்கிழமை மூன்று மணி பஸ். மேசையில் அப்பா இடத்தில் தட்டு வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவேன். கசகசாப் பால், காளான், மீன் எல்லாம் செய்கிறேன், எனக்கு மட்டும் என்றால் செய்ய மாட்டேன்.

அப்பா சொன்ன வரியை இருபது நாள் கழித்து எழுதுகிறேன்: ஒன்றும் சொல்ல வேண்டாம். தின்றால் போதும்.

இன்றைக்கே தின்றுவிடு. முழுவதையும் தின்றுவிடாதே. கொஞ்சம் மிச்சம் வைத்து எனக்குக் கொண்டு வா. எனக்கும் வேண்டியிருக்கிறது.

அக்கா
தெக்லே